லாங் ஐலண்டுக்கு மண் எங்கிருந்து வரும்?

மரின்பரேட் மாறன்:

சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைக்கு எதிரே கடலைத் தூர்த்து ‘லாங் ஐலண்ட்’ உருவாக்கப் போவதாக 2023 நவம்பரில் அறிவித்தார்கள். ஏறக்குறைய 800 ஹெக்டர். புதிய நீர்த்தேக்கம், 20 கிலோமீட்டருக்குக் கடலோரப் பூங்கா, பிற்காலத்தில் வீடுகள். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் காரணம் கடல்மட்டம். 2100க்குள் நம் கரையோரம் கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்பது 2024 ஜனவரியில் வந்த அரசு மதிப்பீடு. நம் நிலத்தில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் உயரம்கூட இல்லை. நான் குடியிருக்கும் பிளாக்கே தூர்த்த நிலத்தில்தான் நிற்கிறது. அதனால் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை.

எனக்கு உறுத்துவது மண். 1960களில் 581 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று சுமார் 735. கூடிய பரப்பில் பெரும்பங்கு கடலில் கொட்டி எடுத்தது. கொட்டியதில் ஏராளம் பக்கத்து நாடுகளின் கடற்தரையும் ஆற்றுப்படுகையும். 2007 முதல் பத்தாண்டு வாக்கில் கம்போடியாவிலிருந்து மட்டும் 7 கோடி டன்னுக்கு மேல் மணல் வந்ததாக ஐநாவிடம் நாம் கொடுத்த இறக்குமதிக் கணக்கு சொல்கிறது. அதே காலத்துக்குக் கம்போடியா காட்டிய ஏற்றுமதி 1.6 கோடி டன் அளவுதான். மீதி எந்த வழியாக வந்தது? அங்கே கோ கோங் மாநிலத்து முகத்துவாரங்களில் நண்டும் மீனும் குறைந்துவிட்டதாக மீனவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். 2017ல்தான் அந்நாடு மணல் ஏற்றுமதியை முழுவதும் நிறுத்தியது.

பசுமை நகரம் என்று நமக்குப் பாராட்டு குவிகிறது. கணக்கை எல்லைக்கோட்டுக்குள் மட்டும் போட்டால் அது சரிதான். எல்லையைத் தாண்டிப் போட்டால்?

உட்லண்ட்ஸ் காசிம்:

மாறன், மணலை நாம் போய் அள்ளிக்கொண்டு வரவில்லை. காசு கொடுத்து வாங்கினோம். விற்றது அவர்கள் அரசு உரிமம் கொடுத்த நிறுவனங்கள். ஏற்றுமதிக் கணக்கில் ஓட்டை என்றால் அந்த ஓட்டை எந்தத் துறைமுகத்தில் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் தோப்பை வெட்டி விற்றால், விறகு வாங்கியவன் வாசலில் நின்று சத்தம் போடுவது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊர் முதலில் வெட்டியது தன் சொந்தக் குன்றைத்தான். 1966ல் கிழக்குக் கரை தூர்க்கத் தொடங்கியபோது பிடோக் பக்கத்துக் குன்றுகளைச் சரித்து, கன்வேயர் பெல்ட்டில் மண்ணைக் கடல்வரை ஓட்டினார்கள். உங்கள் பிளாக் நிற்பது இந்த ஊர் மண்ணில், தம்பி. குன்று தீர்ந்தது, நம் கடற்தரை மணலும் போதவில்லை, அதற்குப் பிறகுதான் வெளியே போனோம்.

ஈசூன் ரூபன்:

காசிம் மாமா, சொந்தக் குன்று தீர்ந்ததும் நிறுத்தியிருக்கலாமே? அந்தக் கேள்வியை இங்கே யாரும் கேட்பதே இல்லை. ‘எவ்வளவு நிலம் போதும்’ என்று ஒரு எண் சொல்லச் சொன்னால் யாரிடமும் பதில் கிடையாது. பாய லேபார் விமானத் தளம் 2030களில் இடம் மாறப்போகிறது. அங்கே கிடைப்பது 800 ஹெக்டர், ஒன்றரை லட்சம் வீடு கட்டலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். லாங் ஐலண்டும் 800. அப்படியானால் ஒன்று போதாதா?

துவாஸ் பாண்டியன்:

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், துறைமுகக் கட்டுமானம். சொந்த ஊர் திருச்சி. இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் தகவல் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டை போடுங்கள்.

கடலைத் தூர்ப்பது என்றாலே மணல் என்று நினைக்கிறோம். மணலைக் கொட்டினால் தண்ணீர் சட்டென்று வடியும், சீக்கிரம் இறுகும், மேலே கட்டலாம். அதனால்தான் எல்லாருக்கும் மணல் பிடிக்கும். களிமண் அப்படி இல்லை, தண்ணீரை விடாது. அதற்குள் நெருக்கமாக பிளாஸ்டிக் வடிபட்டைகளைச் செங்குத்தாக இறக்கி, மேலே பாரம் ஏற்றி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் காசு. மணல் மலிவாகக் கிடைத்த நாளில் யாரும் காத்திருக்கவில்லை.

கிடைக்காமல் போனதும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். துவாஸ் துறைமுகத்தின் முதல் கட்டத்தில் 414 ஹெக்டர் தூர்த்தோம், 2021ல் முடிந்தது. பத்து மாடி உயரத்துக் கான்கிரீட் பெட்டிகள் 221 வரிசையாக இறக்கினோம், ஒவ்வொன்றும் சுமார் 15,000 டன். அவற்றுக்குப் பின்னால் நிரப்பியதில் பாதிக்கு மேல் கடலடியில் தோண்டிய சேறும் மற்றக் கட்டுமான இடங்களில் தோண்டிய மண்ணும். எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குத் தோண்டும் மண் வேறெங்கே போகும்?

புலாவ் தேக்கோங் தீவில் இன்னொரு வழி. நெதர்லாந்துக்காரர்கள் செய்வதுபோல கடலைச் சுற்றி அணை கட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்துவிடுவது. அணை சுமார் 10 கிலோமீட்டர், உள்ளே இருக்கும் நிலம் கடல்மட்டத்துக்கும் கீழே. பரப்பு அதுவும் 800 ஹெக்டர் சொச்சம். (இந்த ஊரில் எதை அளந்தாலும் 800 வருகிறது!) மணல் தேவை பெருமளவு குறைகிறது.

ஈசூன் ரூபன்:

அண்ணே, பாலைவன மணலை வாங்கக்கூடாதா? அங்கே கடல் மாதிரிக் கிடக்கிறதே.

துவாஸ் பாண்டியன்:

காற்றில் உருண்டு உருண்டு வழுவழுப்பாகிப் போன மணல் அது. ஒன்றோடொன்று பிடிக்காது, கான்கிரீட்டுக்கு ஆகாது, நிரப்பினாலும் நிற்காது. துபாய்க்காரர்களே பாம் ஜுமைரா தீவுக்குப் பக்கத்துப் பாலைவனத்தை விட்டுவிட்டு வளைகுடாவின் அடியிலிருந்துதான் உறிஞ்சி எடுத்தார்கள்.

மரின்பரேட் மாறன்:

பாண்டியன், நீங்கள் சொன்னதே எனக்குப் போதும். ‘கிடைக்காமல் போனதும்’ என்றீர்கள். மலேசியா 1997ல் கடல் மணலை நிறுத்தியது. இந்தோனேசியா 2003ல் கடல் மணலையும் 2007ல் நிலத்து மணலையும் நிறுத்தியது. பிறகு கம்போடியா. 2018ல் மலேசியா மறுபடியும். கதவு ஒவ்வொன்றாக மூடிய பிறகுதான் சேற்றை நிரப்பவும் அணை கட்டவும் தீவிரமாக இறங்கினோம். 2007ல் ஜகார்த்தா நிறுத்தியபோது கட்டுமானத்துறை தடுமாறி, சேமிப்பு மணலைத் திறந்துவிட வேண்டியதானது நினைவிருக்கும். இதைப் பசுமைச் சிந்தனை என்று எழுதிக்கொள்ள முடியாது. கைக்குக் கிடைக்கும்வரை வாங்கிக்கொண்டே இருந்தோம், அவ்வளவுதான்.

உட்லண்ட்ஸ் காசிம்:

காரணம் என்னவாக இருந்தால் என்ன? விளைவைப் பாருங்கள். தட்டுப்பாடு வந்தால் மாற்றுவழி தேடுவதுதான் உலக நடப்பு. நோக்கம் சுத்தமா என்று பார்க்க இது வழிபாடு இல்லையே.

அப்புறம் அந்தத் தடைகளைப் பற்றியும் உள்ளதைப் பேசுவோம். 2007ல் ஜகார்த்தா மணலை நிறுத்தியபோது, குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தப் பேச்சில் நம்மை நெருக்கத்தான் என்று அந்தப் பக்கத்து அதிகாரிகளே வெளிப்படையாகப் பேசினார்கள். 2023ல் அதே நாடு கடல் மணல் ஏற்றுமதிக்கு மறுபடி வழிவிட்டு ஒரு விதிமுறை கொண்டுவந்தது. நடுவில் கடற்சூழல் குணமாகிவிட்டதா? மலேசியா நமக்கு மணல் தராது, ஆனால் ஜோகூரில் ஃபாரஸ்ட் சிட்டி என்ற புதுநகருக்குக் கடலைத் தூர்த்தார்கள். ஜகார்த்தா, பினாங்கு, மாலத்தீவின் ஹுல்ஹுமாலே, எங்கே தூர்க்கவில்லை? உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுக்கிறது என்று ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2022ல் சொன்னது. அதில் நம் பங்கு எவ்வளவு சிறியது தெரியுமா? சின்ன நாடு என்பதால் கண்ணுக்கு உடனே தெரிகிறோம்.

ஈசூன் ரூபன்:

மாமா, தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சின்ன நாடு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நீப்பா தீவைப் பற்றி யாராவது பேசுங்கள். பாத்தாமுக்கு வடமேற்கே, நம் துவாஸ் பக்கத்துக் கடலைப் பார்த்தபடி கிடக்கும் குட்டித் தீவு. சுற்றிலும் மணல் அள்ளி அள்ளி, கடல் ஏற்றம் வந்தால் தலை தெரியாத அளவுக்குத் தேய்ந்துவிட்டது. இந்தோனேசியாவின் கடல் எல்லையை அளக்கும் புள்ளிகளில் அது ஒன்று என்பதால் பதறிப்போய் அவர்களே கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்தினார்கள். 2009ல் இரு நாடும் மேற்குப் பகுதி எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அந்தத் தீவும் அடிப்படைப் புள்ளியாக இருந்தது. ஒரு நாட்டின் வரைபடம் சுருங்கவும் இன்னொரு நாட்டின் வரைபடம் விரியவும் ஒரே மணல் காரணம் என்றால், ‘வாங்கினோம், விற்றார்கள்’ என்று முடித்துவிடலாமா?

நெறியாளர்:

தனிநபர் தாக்குதல் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, நன்றி. எந்த நாட்டு மக்களையும் பொத்தாம்பொதுவாகப் பேச வேண்டாம். ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன், எது என்று எழுதியவருக்குத் தெரியும்.

கலா டீச்சர்:

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரூபனின் ‘எவ்வளவு நிலம் போதும்’ என்ற கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பாய லேபாரையும் லாங் ஐலண்டையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. பாய லேபார் வீட்டுக்கு இடம் தரும், அலையைத் தடுக்காது. கிழக்குக் கரையில் நிலம் உயர்த்தாமல் வெறும் தடுப்புச்சுவர் கட்டினால் பூங்காவும் கடலும் பிரிந்துவிடும், மழைநீர் வடிய மதகும் பம்பு நிலையமும் வரிசையாக வைக்க வேண்டும் என்பது அரசின் வாதம். மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் அந்தப் பகுதி என்ன ஆகும் என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். அதனால் ஏதோ ஒன்று கட்டத்தான் வேண்டும்.

இனி காசிம் அண்ணனுக்கு. எல்லாரும் தூர்க்கிறார்கள் என்றீர்கள், உண்மை. எப்படித் தூர்க்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ராட்டர்டாம் துறைமுகம் 2008க்கும் 2013க்கும் இடையே மாஸ்விலாக்ட இரண்டு என்ற பகுதியை வடகடலில் உருவாக்கியது. மணல் அவர்கள் சொந்தக் கடலில், கரையிலிருந்து தள்ளி, ஆழத்திலிருந்து எடுத்தது. அழித்த கடற்தரைக்கு ஈடாகப் பக்கத்திலேயே சுமார் 25,000 ஹெக்டர் கடற்தரையைப் பாதுகாப்புப் பகுதியாக்கினார்கள். சேதம் அவர்கள் எல்லைக்குள், கேள்வி கேட்பவர்களும் அவர்கள் வாக்காளர்கள். நமக்கு அந்த வசதி இல்லை என்பது புரிகிறது. நம் கடல் கையகலம், அதிலும் கப்பல்கள் நெருக்கியடிக்கின்றன. அதனாலேயே நம் சேதத்தைக் கேள்வி கேட்கக்கூடியவர்கள் நமக்கு வாக்களிப்பவர்களாக இருப்பதில்லை. நான் கவலைப்படுவது இதற்குத்தான்.

இதற்கு முன்மாதிரியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2003ல் ஜோகூர் நீரிணையில் நாம் தூர்த்ததை எதிர்த்து மலேசியா ஹாம்பர்க்கில் உள்ள கடல்சட்ட நடுவர் மன்றத்துக்குப் போனது. மன்றம் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. இரு நாடும் சேர்ந்து சுயேச்சையான நிபுணர் குழுவை வைத்து ஆய்வு செய்யுங்கள் என்றது. அந்த ஆய்வின்படி சில மாற்றங்களுக்கு நாம் ஒப்புக்கொண்டோம், மலேசிய மீனவர்களுக்கு இழப்பீடும் பேசி முடிந்தது, 2005ல் வழக்கு சமரசமாகியது. கொட்டும் இடத்துக்குக் கூட்டு ஆய்வு சாத்தியம் என்றால், அள்ளும் இடத்துக்கு ஏன் சாத்தியமில்லை?

உட்லண்ட்ஸ் காசிம்:

டீச்சர், அங்கே மலேசியா கேட்டது, அதனால் நடந்தது. மணல் விற்ற அரசு எதுவும் நம்மிடம் கூட்டு ஆய்வு கேட்கவில்லையே. கேட்காத வீட்டுக்குள் நுழைந்து ‘உங்கள் ஆற்றை ஆய்வு செய்கிறேன்’ என்றால் அதற்குப் பெயர் தலையீடு.

மரின்பரேட் மாறன்:

தலையீடா? 2014ல் எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கு நாமே சட்டம் போட்டோம். சுமத்ராவில் தோட்டத்தை எரிக்கும் நிறுவனத்தின் மீது இங்கே நடவடிக்கை எடுக்கலாம். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து இறையாண்மை என்ற பேச்சு வரத்தான் செய்தது, ஆனாலும் போட்டோம். சரியாகவே செய்தோம். புகை இங்கே வந்தால் எல்லை தாண்டிப் பொறுப்பு, மணல் அங்கிருந்து வந்தால் எல்லையோடு பொறுப்பு முடிந்தது. இந்த இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துக்கொண்டு தூங்குகிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

உட்லண்ட்ஸ் காசிம்:

புகையில் மூச்சுத் திணறியது நம் பிள்ளைகள். பாதிக்கப்பட்டவன் சட்டம் போட்டான். மணலில் பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள் குடிமக்கள், அவர்கள் அரசு சட்டம் போடட்டும். கம்போடியா போட்டதே! இரண்டுக்கும் ஒரே நியாயம்தான் மாறன், நீங்கள்தான் பிரித்துப் பார்க்கிறீர்கள்.

ஈசூன் ரூபன்:

அவர்கள் அரசு அவர்கள் மீனவர் சொல்லைக் கேட்கும் என்பது மாமாவின் நம்பிக்கை. அங்கே மணல் லாரியைப் பற்றியும் படகைப் பற்றியும் எழுதியவர்களுக்கு என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

துவாஸ் பாண்டியன்:

இதை எழுதலாமா என்று இரவு முழுக்க யோசித்தேன். காசிம் பாய் சொல்லும் ‘அவர்கள் அரசு பார்த்துக்கொள்ளும்’ என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஏனென்றால் நான் காவிரிக்கரைக்காரன். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. 1836ல் ஆர்தர் காட்டன் கட்டியது. அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் தூண் சரிந்து விழுந்தது. வெள்ளம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய வெள்ளங்களை அந்த அணை பார்த்திருக்கிறது. படுகை மணலை ஆண்டுக்கணக்கில் அள்ளியதில் அடித்தளம் அம்மணமாகிவிட்டது என்றுதான் ஊரில் விவசாயிகள் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். மணலை விற்றது யார்? வெளிநாட்டவன் இல்லை. உரிமம், ரசீது, குவாரி எல்லாம் முறைப்படி இருந்தது, அளவுதான் முறைப்படி இல்லை. மூன்றடி ஆழம் எழுதிக்கொடுத்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம்.

ஆனால் மாறன், நீங்கள் வாங்குபவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் எனக்கு ஒப்பவில்லை. ஊரில் எங்கள் வீடும் ஆற்று மணலில்தான் கட்டியது. இப்போது எம்-சாண்ட் என்று பாறையை உடைத்து அரைக்கிறார்கள், ஆறு தப்பித்தது, மலை மாட்டிக்கொண்டது. இங்கே தேக்கோங்கில் மணலைக் குறைத்தோம், பதிலுக்குப் பம்பு காலாகாலத்துக்கும் ஓட வேண்டும். செலவு இல்லாத வழி என்று ஒன்றை எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை.

நான் தொழில் தெரிந்தவனாக ஒன்று சொல்கிறேன். கொட்டும் இடத்தில் நாங்கள் ஒலியலையால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் வைத்துக் கடற்தரையை விடாமல் அளப்போம். கொட்டுவதற்கு முன், கொட்டிய பின், இறுகிய பின். சென்டிமீட்டர் கணக்கில் அறிக்கை போகும், இல்லாவிட்டால் பணம் வராது. அள்ளிய இடத்தின் அப்படியொரு அறிக்கையை நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் என் மேசையில் கண்டதில்லை. மூலச் சான்றிதழ் வரும், அதில் எந்த நாடு, எந்தத் துறைமுகம், எத்தனை டன் என்று இருக்கும். பள்ளம் எவ்வளவு ஆழம் என்று இருக்காது. இது ஒன்றும் ராக்கெட் விடும் வேலை இல்லை, ஒரு சிறிய படகும் இரண்டு ஆளும் போதும். அள்ளும் முன்னும் பின்னும் எடுத்த கடற்தரை அளவையைச் சேர்க்காவிட்டால் மணலுக்குப் பணம் கிடையாது என்று டெண்டரில் ஒரு வரி போட்டால், யாருடைய இறையாண்மையிலும் நாம் கை வைக்கவில்லை. விற்க விருப்பம் இருப்பவன் அளந்து கொடுப்பான்.

கலா டீச்சர்:

பாண்டியன், இதைத்தான் நான் சுற்றி வளைத்துச் சொல்ல முயன்றேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலில் எடுப்பதற்கு அந்த அளவை போதலாம். ஆற்றில் போதாது. மேக்கோங்கை எடுத்துக்கொள்ளுங்கள், மேலே அணைகள் வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன, வழியெல்லாம் மணல் அள்ளுகிறார்கள், கீழே வியட்நாமின் கழிமுகத்தில் படுகை தாழ்ந்து உப்புநீர் உள்ளே ஏறுகிறது, ஆன் ஜியாங் பக்கம் கரையும் வீடும் சரிகின்றன. பள்ளம் ஒரு நாட்டில், சரிவு இன்னொரு நாட்டில். அள்ளிய இடத்தை மட்டும் அளந்தால் அது தெரியாது. ஆற்று மணலே வேண்டாம் என்று டெண்டரில் இன்னொரு வரி போட வேண்டும்.

உட்லண்ட்ஸ் காசிம்:

டெண்டர் வரிக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. வாங்குபவன் நிபந்தனை போடுவது வியாபாரம், தலையீடு இல்லை. ஆனால் இரண்டு விஷயம். படகில் போகாமலே, மேசையில் உட்கார்ந்தே அந்த அளவை அறிக்கை தயாராகிவிடும், பார்த்துக்கொண்டே இருங்கள். மூலச் சான்றிதழுக்கு நடந்தது இதற்கும் நடக்கும். இன்னொன்று, விலை கூடும். கூடும் விலை கடைசியில் என் பேத்தி வாங்கப்போகும் பிடிஓ (முன்பதிவுக்குப் பிறகு அரசு கட்டித்தரும்) வீட்டில் வந்து உட்காரும். அப்போது இதே ஆட்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு விலை ஏறிவிட்டது என்று இன்னொரு திரி தொடங்குவார்கள்.

ஈசூன் ரூபன்:

நான் தொடங்கமாட்டேன் மாமா. எனக்கு பிடிஓ கிடைக்க இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது :)

மரின்பரேட் மாறன்:

பொய்யறிக்கை வரும் என்று காசிம் அண்ணன் பயப்படுவது சரிதான். அதற்காகத்தான் அறிக்கையைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்கிறேன். அந்தக் கரையில் இருக்கும் மீனவர் சங்கமோ பல்கலைக்கழகமோ எடுத்துப் பார்த்தால் பள்ளம் தெரிந்துவிடும். இன்று அவர்களுக்குக் கணக்கே கிடைப்பதில்லை.

லாங் ஐலண்ட் ஆய்வு நடக்கும்போதே பொதுமக்கள் கருத்தும் கேட்கிறார்கள். பூங்காவில் சைக்கிள் பாதை வேண்டும், கடற்கரை வேண்டும் என்று நிறையப் பேர் எழுதுவார்கள், எழுதட்டும். பாண்டியன் சொன்ன வரியையும் டீச்சர் சொன்ன வரியையும் சேர்த்து நான் ஒரு கடிதம் எழுதி இங்கே போடுகிறேன். அளவைப் பகுதியைப் பாண்டியன் திருத்திக்கொடுக்க வேண்டும், எனக்கு அந்தக் கணக்கு வராது.

துவாஸ் பாண்டியன்:

அனுப்புங்கள். இந்த வாரம் இரவு ஷிஃப்ட், ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் தருகிறேன். என் நிறுவனப் பெயர் மட்டும் எங்கேயும் வேண்டாம்.

உட்லண்ட்ஸ் காசிம்:

எனக்கும் ஒரு பிரதி. கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லவில்லை, விலை எவ்வளவு கூடும் என்று கடிதத்தில் ஒரு பத்தி இருக்கிறதா என்று பார்க்கத்தான்.